மேலால பாடில்லண்ணா கீழால இருப்போம்

எங்க ஊரு கடைத்தெருவுக்கு ரெண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் ஓடு போட்ட கடைங்க. ஜவுளிக்கடை, பலசரக்குக்கடை, வைத்தியர் கடை, சாயாக்கடை. மறுபக்கம் ஓடை. பெரிய குளத்துல இருந்து வயலுக்குத் தண்ணி போற ஓடைதான். ஊருக்குள்ள வரும்போது எல்லாரும் எல்லாத்தையும் அதுல கொட்டிக் கொட்டி அது சாக்கடையா ஆயிப்போச்சு. அந்த ஓடைக்கு மேல குறுக்கக் குறுக்க கல்லு போட்டிருக்கும். பாளம் பாளமான கல்லு. ஆளுக்கு ஒரு கல்லு. அது மேல சாக்கு விரிச்சு உக்காந்து யாவாரம் பண்ணினவங்க நாங்க. மரச்சீனிக்கிழங்கு, சேனை, கருப்பட்டி, வெத்தில, மண்சட்டி எல்லாம் அங்கதான் விப்போம். ஓடு போட்ட கடைக்காரங்களுக்கு வாசல் உண்டு, பூட்டு உண்டு. எங்களுக்கு அந்தக் கல்லுதான் கடை.

நான் வாழக்குலைக்காரன். கொட்டாரத்துப் பக்கம் தோட்டங்கள்ல போயி, மரத்துல நிக்கும்போதே பாத்துப் பேசி வெட்டி, தலைச்சுமடா கொண்டு வருவேன். வீட்டுக்குப் பெறத்தால ஒரு குழி. அதுல குலையை அடுக்கி, சருகு போட்டு, மேல மண்ணு பூசி, ஓரத்துல தேங்காத்தொண்டு புகை போட்டு ஊதி மூடி வைக்கணும். மட்டிக்கு ஒரு பக்குவம், ஏத்தனுக்கு ஒரு பக்குவம், செந்துளுவனுக்கு வேற. ஒண்ணுக்குப் போட்ட புகையை இன்னொண்ணுக்குப் போட்டா வெம்பிப் போவும். அதெல்லாம் சொல்ல ஆரம்பிச்சா பொழுது போயிரும்.

விக்கது நான் இல்ல, எம் பெஞ்சாதி. எனக்கு வாய் உண்டு, ஆனா விக்கதுக்கு உள்ள வாய் இல்ல. எவனாவது பழத்த அமுக்கிப் பாத்தா எனக்குக் கோவம் வந்திரும். அவ சிரிச்சிட்டே, "அமுக்கினது உம்ம பழம், எடுத்துக்கிடும்"பா. அவன் மறுபேச்சு இல்லாம எடுத்துக்கிட்டுப் போவான்.

பக்கத்துக் கல்லுல கருப்பட்டிக்காரரு. நெத்தியில நீட்டு நாமம், தலையில தலப்பா, ஞாயித்துக்கிழம ஆனா பதிக்குச் சாமி கும்பிடப் போயிருவாரு. சொன்னது சொன்னபடி நடக்க ஆளு. "இங்கன நில்லும், இப்பம் வாறேன்"ணு சொல்லிட்டுப் போனா, நாம வாற வரைக்கும் மழையானாலும் அங்கனயே நிப்பாரு. எங்க அப்பாவும் அவருக்க அப்பாவும் கூட்டாளிங்க. அந்தக் கல்லுகள அங்க போட்டதே அவங்கதான். அதச் சொல்லாம இந்தக் கதை புரியாது.

அவங்க காலத்துல எங்க ஆளுக ஓடை தாண்டி கடைத்தெருவுக்குள்ள வரப்பிடாது. ஓடைக்கு அந்தால, வயல் வரப்புல நிக்கணும். சாமான வச்சிட்டு எட்டத் தள்ளி நிக்கணும். வாங்குறவங்க இந்தால நின்னு சத்தம் போட்டுக் கேப்பாங்க. கோயில்ல எல்லாரும் ஏறலாம்ணு மகாராஜா உத்தரவு போட்டாருல்லா, அந்த வருசம் கோயில்ல ஏறினவங்க ஏறினாங்க. எங்க அப்பாவும் கூட நாலஞ்சு பேரும் வேற வேலை பாத்தாங்க. மலையடிவாரத்துல கல்லு உடைக்க எடத்துல இருந்து பாளம் வாங்கி, வண்டி கட்டிக் கொண்டு வந்து, ஓடைக்குக் குறுக்க இட்டாங்க. எந்த ஓடை எங்கள வெலக்கி வச்சுதோ அதுக்க முதுகுலேயே ஏறி உக்காந்தாங்க. கடைக்காரங்க முணுமுணுத்தாங்க. பொறவு அவங்க வீட்டுப் பொம்பளைங்களே மரச்சீனி வாங்க வந்தப்பம் முணுமுணுப்பும் நின்னுபோச்சு.

பின்னால ஒருத்தரு வந்து, அது சர்க்கார் கல்லுண்ணு சொன்னாரு. அதனாலதான் இதையெல்லாம் சொல்லுதேன்.

மகாராஜா போயி ஓட்டு வந்துது. எங்க ஊருக்குப் பஞ்சாயத்தும் வந்துது. ஜவுளிக்கடை முதலாளி நின்னு ஜெயிச்சுப் பிரசிடெண்டு ஆனாரு. மோசமான மனுசன்னு சொல்ல மாட்டேன். கடையில ஆளு ஒயரத்துக்கு ஒரு கண்ணாடி வச்சிருந்தாரு. அந்த வட்டாரத்துல தன்னை முழுசாப் பாக்கணும்ணா அங்கதான் போகணும். அவரும் பேசும்போது நம்மளப் பாக்க மாட்டாரு, கண்ணாடியப் பாத்துத்தான் பேசுவாரு. ஓட்டுக் கேக்க வந்தப்பம் கல்லு கல்லா நின்னு கும்பிட்டாரு. எம் பெஞ்சாதி கிட்ட வந்து, "தாயே, நம்ம கடைத்தெருவ வடசேரிச் சந்தையாட்டம் ஆக்கிக் காட்டுதேன் பாரு"ண்ணாரு.

"வடசேரிக்குப் போகணும்ணா பஸ்ஸு இருக்கே முதலாளி. அத என்னத்துக்கு இங்க தூக்கிட்டு வரணும்?"ண்ணு கேட்டா அவ.

சிரிச்சிட்டே போனாரு. நாங்களும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டோம்.

வடசேரி அவருக்க ஒரு பேச்சு. இன்னொரு பேச்சு தமிழ். அந்தக் காலம் அப்பிடி. எங்க ஊரு அப்பம் திருக்கொச்சி சர்க்காருக்குக் கீழ, மலையாள நாட்டோட. ஆபீசுல ஏறினா மலையாளம், கோர்ட்டுல ஏறினா மலையாளம். ஒரு மனு எழுதணும்ணா அதுக்கு ஒரு ஆள தேடணும், அந்த ஆளு என்ன எழுதினாம்ணு கேக்க இன்னொரு ஆள தேடணும். நாங்க தமிழ்நாட்டோட சேரணும்ணு ஊருக்கு ஊரு கூட்டம் நடந்துது. எங்க ஊரு கூட்டத்துல முன்னால நின்னு பேசினது பிரசிடெண்டுதான். "தாயிக்கப் பாஷையில பேசாத ஆபீசு நமக்கு வேண்டாம்"ணு மேசையில குத்திச் சொல்லுவாரு. மேசையில இருந்த சோடாக் குப்பி ஆடும். நானும் கேட்டுக் கை தட்டியிருக்கேன்.

பஞ்சாயத்து ஆபீசுக்கு ஒரு ஆபீசரு வந்தாரு, திருவனந்தபுரத்துக்கும் வடக்க உள்ள ஆளு. சின்ன வயசு. மழை பெஞ்சாலும் பெய்யாட்டாலும் கையில குடை. காலம்பற ஆபீசுக்குப் போற வழியில எங்க கல்லு பக்கத்துல நின்னு ரெண்டு மட்டிப்பழம் வாங்கித் தின்னுட்டு, தொலிய ஓடையில போடாம கையிலயே கொண்டு போவாரு. அந்த ஓடையில தொலியப் போடாத ஒரே மனுசன் அவருதான். இவர்ட்டதான் பிரசிடெண்டு, "தெருவ அகலமாக்கணும், ஓடைப் பக்கம் இருக்கவங்கள நீக்கணும்"ணு சொல்லி வச்சிருக்காரு. பஸ்ஸு வந்து திரும்ப எடம் வேணுமாம். திரும்புற எடம் எதுண்ணு கேட்டா, சரியா அவருக்க ஜவுளிக்கடைக்கு நேர் முன்னால.

ஒரு நாள் காலம்பற நாங்க வாறோம், ஓடைக்க தலைமாட்டுல ஒரு பலகை நட்டிருக்கு. மலையாள எழுத்து. எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது, தமிழும் படிக்கத் தெரியாது, அதனால எந்த எழுத்தும் எனக்குப் பகை இல்ல. பஞ்சாயத்துப் பியூன் பக்கத்துல நின்னான். எங்க ஊரு பயதான். நாங்க கூடி நின்னு கேட்டதும் உரக்கப் படிச்சான்.

"மேலால் இவிடெ கச்சவடம் பாடில்ல."

படிச்சிட்டு, அர்த்தம் ஒண்ணும் சொல்லாம, சாயா குடிக்கப் போயிட்டான்.

மலையாளத்துல மேலால்ணா இனிமேல்ணு அர்த்தம். இனிமேல் இங்க யாவாரம் கூடாதுண்ணு எழுதியிருக்கான். மேற்கே உள்ள ஆளுகளுக்கு இது தெரியும். எங்க பக்கத்துல மேலாலண்ணா மேல. மரத்துக்கு மேலால, கூரைக்கு மேலால. கருப்பட்டிக்காரரு பலகையைப் பாத்தாரு, கல்லப் பாத்தாரு, தலையாட்டினாரு.

"மேலால பாடில்லங்கான். சரி, கல்லுக்கு மேலால இருக்கப்பிடாது போல. கல்லு பழசாச்சுல்லா, ஒடிஞ்சு ஓடையில விழுந்திருவோம்ணு பயப்படுதானுவ. நம்ம நன்மைக்குத்தான் சொல்லுதான்."

சொல்லிட்டுப் பெட்டியத் தூக்கிட்டு இறங்கினாரு. தெருவுல, ஓடைக்கு இந்தால, சாக்க விரிச்சு உக்காந்துட்டாரு. கேலி பண்ணல. மனசார, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு இறங்கினாரு.

எனக்கு அர்த்தம் தெரியும். சில நேரம் குலை வாங்க மேற்கேயும் போயி வந்து காதுல விழுந்த மலையாளம் எங்கிட்ட கொஞ்சம் உண்டு. எம் பெஞ்சாதி எனக்க மூஞ்சியப் பாத்தா.

"உள்ளத சொல்லுங்க. என்ன எழுதியிருக்கு?"

"இனிமே இங்க யாவாரமே கூடாதாம்."

அவ தெருவுல இருந்த கருப்பட்டிக்காரரப் பாத்தா. ஒரு வெத்திலக்கு சுண்ணாம்பு தடவுற நேரம் யோசிச்சிருப்பா.

"அண்ணன் சொன்னதுதான் சரி. குலைய இறக்குங்க."

"ஏட்டி, அவரு அர்த்தம் தெரியாமச் சொல்லுதாரு."

"தெரியாமச் சொன்னாலும் நல்லாத்தான் சொல்லியிருக்காரு. கீழால பாடில்லண்ணு எங்கயாவது எழுதியிருக்கா?"

அது அந்த வரிசை முழுக்கப் பரவிச்சு. கொஞ்ச நேரத்துல ஒரு கல்லுலயும் ஆளு இல்ல. எல்லாரும் தெருவுல. கல்லு மேல இருந்தப்பம் நாங்க ஓரத்துல இருந்தோம். கீழ இறங்கினதும் தெருவுக்குப் பாதி தூரம் வந்துட்டோம். மாட்டு வண்டி வந்துது, நின்னுது. நாகர்கோவில் பஸ்ஸு வந்துது, நின்னுது. கண்டக்டரு சாடி இறங்கி, சேனை விக்க மயினி கிட்ட, "அக்கா, அந்தச் சேனையக் கொஞ்சம் நீக்கி வையுங்கோ, டயரு ஏறிரும்"ணான்.

"ஏறட்டும். முழுசா எவனும் வாங்க மாட்டேங்கான். வெட்டித் தந்தாப்பல ஆவும்"ணா மயினி.

பஸ்ஸுல இருந்தவங்க சன்னல் வழியாவே பழம் வாங்கினாங்க. ஒரு பொம்பள இறங்காமலே கருப்பட்டி பேரம் பேசி முடிச்சா. அன்னைக்கு நடந்த யாவாரம் ஓணத்துக்குக் கூட நடந்தது இல்ல.

ஆபீசரு குடையோட வந்தாரு. "எந்தா இது? போர்டு கண்டில்லே?"

"கண்டோம் சாரே"ண்ணேன். "அதனாலதான் மேலால இல்லாம கீழால இருக்கோம்."

அவருக்கு முதல்ல பிடி கிடைக்கல. கருப்பட்டிக்காரரு எந்திரிச்சுக் கும்பிட்டு, "சாரே, கல்லுல ஒருத்தரும் ஏறல. நான் பாத்துக்கிடுதேன்"ண்ணு மரியாதையாச் சொன்னாரு. அந்த மூஞ்சியில கள்ளம் இல்ல. கோவப்பட வந்தவரு அதப் பாத்துட்டு எப்பிடிக் கோவப்படுவாரு. "மேலால் எந்நு பறஞ்ஞால்..."ணு ஆரம்பிச்சு, சொல்லு கிடைக்காம, குடைய மேல தூக்கி ஆட்டினாரு.

"பாத்தேளா, அவரே மேலதான் காட்டுதாரு"ண்ணா எம் பெஞ்சாதி.

"பாடில்லண்ணு வேற எழுதியிருக்கு. நாங்க எப்பம் சாரே பாடினோம்? மூச்சு முட்டிக் கெடக்கோம்"ணா சேனைக்கார மயினி.

ஆபீசரு சிரிப்ப அடக்கினது எனக்குத் தெரிஞ்சுது. குடைய மடக்கிட்டு ஆபீசுக்குப் போயிட்டாரு. அன்னைக்கு மட்டிப்பழம் வாங்கல.

சாயந்திரம் பிரசிடெண்டு எங்கள ஜவுளிக்கடைக்குக் கூப்பிட்டு அனுப்பினாரு. நாங்க வாசல்ல நின்னோம். உள்ள அவருகூடக் கூட்டத்துக்குப் போற ஆளுகள் நாலஞ்சு பேரு உக்காந்திருந்தாங்க. அவரு வழக்கம்போலக் கண்ணாடியப் பாத்துக்கிட்டே கேட்டாரு.

"விளையாடுதியளா? பலகையில என்ன எழுதியிருக்குண்ணு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாது முதலாளி"ண்ணேன். "எங்களுக்குத் தாயிக்கப் பாஷைதான் தெரியும்."

கண்ணாடியில அவருக்க முகம் மாறினத நான் வாசல்ல நின்னே பாத்தேன். உக்காந்திருந்த ஆளுகள் அவரத் திரும்பிப் பாத்தாங்க. நான் விடல.

"நீங்கதானே சொன்னிய, தாயிக்கப் பாஷையில பேசாத ஆபீசு வேண்டாம்ணு. அந்த ஆபீசுக்கு இப்பம் நீங்கதான் தலைவரு. தமிழ்ல எழுதி வையுங்க முதலாளி, கேட்டுப் பாக்கோம்."

அதுல ஒரு ஆளு, "நியாயந்தானே அண்ணாச்சி"ண்ணுட்டான். நியாயம்ணு ஒருத்தன் சொன்ன பொறவு அவரு என்ன செய்ய முடியும். தலைய ஆட்டினாரு. ஜெயிச்சிட்டோம்ணு நாங்க வீட்டுக்கு வந்தோம்.  எம் பெஞ்சாதி பானையில தண்ணி மோந்து குடிச்சிட்டுச் சொன்னா.

"தமிழ்ல எழுதிட்டாம்ணா என்ன செய்வீங்க?"

அத நான் யோசிக்கவே இல்ல.

எழுதிட்டாங்க. அதும் சும்மா எழுதல. பிரசிடெண்டு கெட்டிக்காரரு. எங்க பஞ்சாயத்துல முதல் தமிழ்ப் பலகைண்ணு ஊரெல்லாம் சொல்லி, மேளம் வச்சு, மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாரக் கூப்பிட்டு எழுத்து முத்துமுத்தா எழுத வச்சு, பழைய பலகையப் பிடுங்கிட்டு அந்தக் குழியிலேயே இத நட்டாரு. சனம் கூடி நின்னு கை தட்டிச்சு. வெத்திலைக்கார பய பக்கத்துப் பூக்கடையில இருந்து ஒரு மாலை வாங்கிட்டு வந்து பலகைக்குப் போட்டான். நாங்களும் கை தட்டினோம், பாத்துக்கிடுங்க. அப்பறம்தான் வாத்தியாரு படிச்சாரு.

"இனிமேல் இங்கே வியாபாரம் செய்யக் கூடாது. குளத்தங்கரைப் புதுச் சந்தைக்குச் செல்லவும்."

கை தட்டினவங்க கைய என்ன செய்யணும்ணு தெரியாம நின்னாங்க. எங்கள வெளிய போகச் சொல்லுத பலகைக்கு எங்க ஆளே மாலை போட்டிருக்கான். ஆபீசரு ஒரு ஓரமாக் குடைய ஊணிக்கிட்டு நின்னாரு. அவருக்கு அந்தத் தமிழ் புரிஞ்சுதோ என்னமோ, எங்களப் பாக்கல.

பிரசிடெண்டு சனத்துக்கு முன்னால வச்சு எங்கிட்ட கேட்டாரு. "இப்பம் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது முதலாளி. நல்ல தமிழ்."

"அப்பம் எப்பம் போறிய?"

"போகல்ல."

"புரிஞ்சுதுண்ணு இப்பம்தானே சொன்ன?"

"புரியலண்ணு சொன்னது முந்தி. இப்பம் புரிஞ்சுதான் சொல்லுதோம். மாட்டோம்."

மாட்டோம்ணு சொல்லிட்டேன். முந்தி மேலால கீழாலண்ணு சொல்லிக்கிட்டு நின்னதவிட அது நல்லா இருந்துது. ஒளிஞ்சு நின்ன எடத்துல இருந்து வெளிய வந்து வெயில் கொண்டாப்பல இருந்துது. நாங்க தெருவுல இருந்த சாக்கையெல்லாம் எடுத்து மறுபடியும் கல்லு மேலேயே விரிச்சோம். கீழால இருக்க வேண்டிய வேலை முடிஞ்சுபோச்சு.

கருப்பட்டிக்காரரு மட்டும் விரிக்கல. பெட்டியக் கட்டிக்கிட்டு நின்னாரு.

"எழுதிட்டானுவ மக்கா. தமிழ்லயே எழுதிட்டானுவ. இனி என்ன இருக்கு?"

"அண்ணே, போகாதீங்க"ண்ணா எம் பெஞ்சாதி. "அந்தக் குளத்தங்கரையில எவன் வந்து கருப்பட்டி வாங்கப் போறான்? குளிக்கப் போறவன் ஈர வேட்டியோட வந்து வாங்குவானா?"

"நாம கேட்டுத்தானே எழுதினாங்க? எழுதினா கேட்டுப் பாக்கோம்ணு உனக்க மாப்பிளதானே சொன்னாரு? எழுதின பொறவு மாட்டோம்ணா நம்ம வார்த்தைக்கு என்ன மதிப்பு?"

 அவரு சொன்னது தப்புண்ணு நான் இன்னைக்கும் சொல்ல மாட்டேன். ஆனா வார்த்தையக் காப்பாத்தப் போயி இருக்க எடத்த விட்டா, பொறவு எங்க நின்னு வார்த்தை பேசுவோம்? இத அன்னைக்கு எனக்குச் சொல்லத் தெரியல. அவரு தலச்சுமட எடுத்துக்கிட்டு குளத்தங்கரைக்குப் போயிட்டாரு. அந்த வரிசையில போனது அவரு ஒருத்தருதான்.

மறு வாரம் பிரசிடெண்டு கூலிக்காரங்கள கடப்பாரையோட கூட்டிட்டு வந்தாரு. "ஆளு எந்திரிக்க மாட்டாம்ணா கல்லு எந்திரிக்கட்டு. சர்க்கார் ஓடை, சர்க்கார் கல்லு"ண்ணாரு. முதல்ல ஆளு இல்லாத கல்லு. கருப்பட்டிக்காரருக்க கல்லு. ரெண்டு பக்கமும் கடப்பாரை கொடுத்து நெம்பினாங்க, அது எழும்பி வந்துது. வண்டியில ஏத்தும்போது ஒரு மூலை தெறிச்சுது. கொண்டு போயி பஞ்சாயத்து ஆபீசு வாசல்ல படியாப் போட்டாங்க. அது இருந்த எடத்துல ஓடை வாயத் திறந்துகிட்டு நாறிச்சு.

அடுத்தது எங்க கல்லு. எம் பெஞ்சாதி காலை மடக்கி உக்காந்திருந்தா. ஒரு ஏத்தன் குலை மடியில சாஞ்சு கெடந்துது.

கூலிக்காரங்கள்ல மூத்தவன் வந்து, "மயினி, எந்திரிங்க"ண்ணான்.

"கல்லோட சேத்துத் தூக்கு."

"வெளையாடாதீங்க மயினி. கடப்பாரை தெறிச்சா எலும்பு போயிரும்."

"போகட்டும். தூக்கு. உங்கப்பனும் இந்தக் கல்லு வண்டிக்குத் தள்ளு கொடுத்தவருதான். ஆபீசு வாசல்ல படியாப் போடதுக்கா அவங்க கொண்டு வந்தாங்க?"

அவன் கடப்பாரைய கீழ போட்டான். ஓங்கிப் போடல, பைய சாச்சு வச்சான். "முதலாளி, ஆளு இருக்க கல்லுல நான் கை வைக்க மாட்டேன். அவங்கள எந்திரிக்க வையுங்க, வாறேன்"ணான். மத்தவனுங்களும் அவனுக்குப் பின்னால நின்னானுவ.

நான் பிரசிடெண்டு முன்னால போயி நின்னேன். பக்கத்துல கண்ணாடி இல்ல, அதனால எனக்க மூஞ்சியத்தான் பாத்தாரு. சொன்னேன். எந்த மலையில உடைச்சது, யாரு வண்டி, யாரு மாடு, எதுக்குப் போட்டது, எங்க அப்பா முந்தி எங்க நின்னாரு, இவருக்க அப்பா அப்பம் எங்க நின்னாரு, எல்லாம் சொன்னேன். கடைக்காரங்க எல்லாம் வாசலுக்கு வந்து கேட்டாங்க. தெரியாத கதை இல்ல, ஒருத்தரும் சத்தமாச் சொல்லாத கதை.

அவரு வாசல்ல நின்ன கடைக்காரங்களத் திரும்பிப் பாத்தாரு. பொறவு, "பழசெல்லாம் பேசாத. நீங்க இங்க இருக்கது சட்டம் இல்ல"ண்ணாரு.

"சட்டம் இருக்கட்டு முதலாளி. அதுக்குப் பக்கத்துல நாங்களும் இருக்கோம்"ணேன்.

அன்னைக்குப் போயிட்டாரு. விட்டாருண்ணு நெனைக்காதீங்க. பல தடவ வந்தாரு. ஒரு தடவ போலீஸ் எசமான் ஒருத்தரும் கூட வந்தாரு. நாங்க ஒரு காரியம்தான் செய்தோம், கல்ல காலியா விடல. ஒருத்தரு சாப்பிடப் போனா பக்கத்துல உள்ளவங்க காலை நீட்டி ரெண்டு கல்லுக்குமா இருப்பாங்க. எம் பெஞ்சாதி ஒதுங்கப் போனா குலையோட நான் போயி உக்காருவேன். அந்த நேரத்துல எவனாவது வந்து பழத்த அமுக்கினா நானும் பல்லக் கடிச்சிட்டு, "எடுத்துக்கிடும்"ணு சொல்லப் படிச்சுக்கிட்டேன். காய்ச்சல் வந்த நாளும் சேனைக்கார மயினி போர்வையைப் போத்திக்கிட்டு வந்து சேனைக்கு நடுவுல சேனையாட்டம் கெடந்தா. மாலை வாடி உதிர்ந்துது, பலகை மழையில நனைஞ்சுது, பிரசிடெண்டுக்கும் வேற வேலை வந்துது. அடுத்து ரேடியோ வைக்க ஒரு மண்டபம் கட்டணும்ணு அதுக்குப் பின்னால போனாரு. ஆபீசரு ஒரு நாள் காலம்பற வந்து பழையபடி மட்டிப்பழம் கேட்டாரு. எம் பெஞ்சாதி ரெண்டுக்கு மூணாக் கொடுத்தா. அவரு மூணையும் தின்னுட்டு, தொலிய கையில பிடிச்சிட்டுப் போனாரு.

மழைக்காலம் கழிஞ்ச பொறவு ஒரு நாள், கருப்பட்டிக்காரரு பெட்டியோட தெருமுனையில வந்து நிக்காரு. ஆளு மெலிஞ்சுபோயிருந்தாரு. புதுச் சந்தையில ஆடு படுத்துக் கெடக்குண்ணு நாங்க கேள்விப்பட்டிருந்தோம். மழையில ஒழுகி அவருக்க கருப்பட்டி ஒரு பெட்டி கரைஞ்சே போச்சாம். நேரா அவருக்க எடத்துக்கு வந்தாரு. அங்க கல்லு இல்ல. கீழ கருத்த தண்ணி ஓடிட்டுக் கெடந்துது. அவரு அதப் பாத்துக்கிட்டு நின்னாரு. 

எம் பெஞ்சாதி குலையெல்லாம் ஒரு ஓரமா நீக்கி அடுக்கினா.

"என்னத்துக்கு நிக்கிய? உக்காருங்க அண்ணே."

"எனக்க கல்லு போச்சே."

"கல்லுதானே போச்சு. உக்காருங்க."

"நீங்க எல்லாரும் இருக்கச் சொன்னிய. நான் போனவன்."

"போனவரு வந்தாச்சுல்லா. வெயில் ஏறுது, கருப்பட்டி உருகிரும், உக்காருங்க."

உக்காந்தாரு. எடம் போதல. ஒரு கால் கல்லு மேல, ஒரு கால் திறந்து கெடந்த ஓடைக்கு மேல தொங்கிச்சு. எங்க கல்லுல அன்னைக்கு மூணு பேரு, ஒரு பெட்டி, நாலு குலை. நான் எந்திரிச்சு ஓரத்துல நின்னேன்.

பிரசிடெண்டு கடை திறக்க அந்த வழியா வந்தாரு. கண்டுட்டாரு, நின்னுட்டாரு.

"இவரு புதுச் சந்தைக்குப் போனவருல்லா? எப்பம் வந்தாரு?"

இந்த மனுசன் பொய் சொல்ல மாட்டாரு, மாட்டிக்கிடுவாருண்ணு பயந்து நான் முந்திக்கிட்டேன். "அவரு எங்கயும் போகல்ல முதலாளி. இங்கதான் இருக்காரு"ண்ணேன்.

கருப்பட்டிக்காரரு என்னப் பாத்து, கையக் காட்டி நிறுத்தினாரு. தலப்பாவச் சரி பண்ணிக்கிட்டாரு.

"போனேன்"ணாரு. "நீங்க எழுதி வச்சிய, படிச்சுக் கேட்டேன், போனேன். அங்க ஆளு வரல்ல. எனக்க கல்லையும் எடுத்துட்டிய. இனி நீங்க எந்த பாஷையில எழுதினாலும் நான் போக மாட்டேன்."

சொல்லிட்டுப் பெட்டிய மடியில வச்சு, மேல மூடியிருந்த ஓலைய நீக்க ஆரம்பிச்சாரு.